வெள்ளிக்கிழமை கழுவிய படகு

மகனும் மருமகளும் கனடாவிலிருந்து வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனார்கள். போன மறுநாள் அலுமாரியைத் திறந்தால், சீலைகளுக்கு நடுவே சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். தடவிப் பார்த்தேன், உள்ளே சவ்வரிசி மாதிரி மணிகள் உருண்டன. தின்ன வேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. மருமகள் தொலைபேசி எடுத்தபோது என்ன பிள்ளை இது என்று கேட்டேன்.

"மாமி, உங்கடை அலுமாரி ஒரே பூஞ்சண மணம். இது ஈரத்தை இழுத்துப்போடும். வாயிலை மட்டும் போட்டிடாதேங்கோ" என்றாள்.

வாயில் போடாதே என்றதுகூடப் பரவாயில்லை. வயது போனால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஈரத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. ஈரத்தோடும் அதன் மணத்தோடும் மல்லுக்கட்டி, அதன் பெயரைச் சொல்லி எங்களை விரட்டப் பார்த்த ஒரு வெள்ளைக்காரரோடும் மல்லுக்கட்டி, இரண்டு பேரையும் தோற்கடித்தவள் நான். இது மருமகளுக்குத் தெரியாது. மகனுக்கும் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி வருடங்கள் அவை. யுத்தம் முடிந்து, அரிசிக் கூப்பன் மட்டும் முடியாமல் இருந்த நாட்கள். எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். யாழ்ப்பாணத்திலிருந்து மெயில் வண்டியில் கொழும்புக்கு வந்து இறங்கினேன். இவர் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கர். எனக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. குடியிருப்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், இவருடைய மூத்த அக்காவின் வீட்டில். எனக்கு அவ மச்சாள். ஊரில் இருக்கும் முழுச் சொந்தத்துக்கும் கொழும்பு என்றால் மச்சாள் வீடுதான். படிக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்ய வந்தவர்கள், ஒப்பரேஷன் முடிந்தும் போக மனமில்லாமல் இருந்தவர்கள் என்று எந்நேரமும் பந்திக்கு ஆள் இருந்தது.

அந்த வீட்டில் புதுத் தம்பதிகளுக்குக் கிடைத்தது நடைபாதை. சொல்லக் கூச்சமாயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். முன்கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும் வழியில் ஒரு கட்டில், அதைச் சுற்றி மச்சாளின் பழைய சீலை இரண்டை முடிந்து தொங்கவிட்ட மறைப்பு. தண்ணீர் குடிக்கப் போகிற ஒவ்வொருவரும் அந்தச் சீலையை உரசிக்கொண்டு போவார்கள். சிலர் மரியாதைக்குச் செருமிவிட்டுப் போவார்கள், அது இன்னும் மோசம். கல்யாணமாகி அத்தனை மாதங்களில் நானும் இவரும் முழுசாக ஒரு கதை கதைத்து முடித்தது கிடையாது. காதுக்குள் குசுகுசுத்தால் சீலைக்கு அப்பால் யாரோ சிரிப்பார்கள். அதனால் கதைக்காமலே விட்டோம். இவர் நல்லவரா, கெட்டவரா, முசுடா என்றுகூட எனக்குத் தெரியாது. சண்டை பிடித்துப் பார்த்தால்தானே தெரியும்? சண்டை பிடிக்கவும் ஓர் அறை வேண்டாமா?

அந்த நேரத்தில்தான் படகு வந்தது. இவருடைய கப்பல் கொம்பனிக் கந்தோர்த் துரை சீமைக்கே திரும்பிப் போனார். அவரிடம் ஒரு பாய்ப்படகு இருந்தது, கொழும்புத் துறைமுகத்துக்குள் ஒரு மிதவையில் கட்டிக் கிடந்தது. சனிக்கிழமைகளில் துரை பாய் விரித்து ஓடுவார், கயிறு பிடிக்க இவரைக் கூட்டிப் போவார். அப்படியே இவர் தொழிலைப் படித்துவிட்டார். படகை வாங்க வெள்ளைக்காரர் ஒருவரும் முன்வரவில்லை. துரை கப்பல் ஏறுகிற அன்று, "நீயே வைத்துக்கொள்" என்று சாவியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள், "துரை குடுக்கிறதெண்டால் ஒரு சைக்கிளைத் தந்திருக்கலாமே" என்றா. எனக்கும் முதலில் சிரிப்புத்தான். பிறகு இவர் தண்ணீர் குடிக்கிற சாட்டில் அடுப்படியில் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இஞ்சரும், அதுக்கை ஒரு சின்ன அறை இருக்கு. உள்ளுக்கை போய் மூடியைச் சாத்தலாம்."

சாத்தலாம் என்ற அந்தச் சொல்லில் நான் விழுந்தேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்து இறங்குதுறையிலிருந்து படகுக்கு ஆட்களைத் துடுப்பு வலித்துக் கொண்டுபோய் விடுவது அந்தோனி. துறைமுகத்தில் அவனுக்குத் தெரியாத கப்பலில்லை, தெரியாத பேயுமில்லை. முதல் நாள் அவன் வள்ளத்தில் போய்ப் படகில் ஏறினோம். வெளியில் வெள்ளைப் பூச்சு, பித்தளைப் பூண்கள், பார்க்க மாப்பிள்ளை மாதிரித்தான் இருந்தது. இவர் பெருமையோடு அறையின் மூடியைத் தள்ளித் திறந்தார். உள்ளேயிருந்து வந்த மணம் என்னைப் பின்னால் தள்ளிவிட்டது.

அந்த மணத்தை எப்படிச் சொல்ல? நனைந்த நாய். துரையின் நாய் வருடக்கணக்காய் அதற்குள்தான் படுத்ததாம். அதற்கு மேலே துரை பிடித்த சுங்கான் குழாயின் புகையிலைப் புகை, சிந்தின விஸ்கி. படுக்கிற பலகைகளில் கிடந்த தும்பு மெத்தைகளில் பச்சையும் கறுப்புமாய்ப் பூஞ்சணம். சுருட்டின பாயை ஈரத்தோடு உள்ளே திணித்திருந்தார்கள், அது புழுங்கிப் போயிருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தரைப்பலகைகளுக்குக் கீழே படகின் வயிற்றில் தேங்கிக் கிடந்த தண்ணீர் தன் பங்குக்கு ஒரு மணம் விட்டது. சுவரைத் தொட்டால் கை வழுக்கியது.

"கொஞ்சம் மணக்குது என்ன" என்றார் இவர்.

நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே இறங்கினேன். நின்றால் தலை இடிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே இருந்தால் முழங்கால் முட்டும். ஆனால் நாலு பக்கமும் சுவர் இருந்தது, மேலே மூடி இருந்தது, செருமிக்கொண்டு போக அந்த வழியாக யாருமில்லை. நாற்றத்தோடு பார்த்தாலும் அது அறை. எனக்கு அது வேண்டுமென்று அங்கேயே முடிவெடுத்தேன்.

அந்த முடிவெடுத்த சில நாட்களுக்குள் செயலாளர் துரை வந்தார். துறைமுகத்தின் அந்த மூலையில் கட்டியிருந்த பாய்ப்படகுகள் எல்லாம் வெள்ளைக்காரர்களின் ஒரு சங்கத்துக்கு உரியவை. நடுவே எங்களுடையது மட்டும் புதிசாய் ஒரு கிளாக்கருடையது. சங்கத்தில் எங்களைச் சேர்க்கவும் மாட்டார்கள், மிதவை பழைய துரையின் பெயரில் இருந்ததால் உடனே எங்களைக் கலைத்து விரட்டவும் முடியவில்லை. சங்கத்தின் செயலாளர், சிவந்து நீண்ட கழுத்துள்ள மனிதர், தன் சின்ன வள்ளத்தில் எங்கள் படகோரம் வந்து நின்றார். ஏறவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி இவரிடம் பேசினார். படகு நாறுகிறது, பக்கத்துப் படகுக்காரர்கள் முறைப்பாடு சொல்கிறார்கள், உங்கள் ஆட்களின் சமையல் மணம் காரணமாயிருக்கலாம், பெப்ரவரி முடிவில் தானே வந்து உள்ளே இறங்கிப் பார்ப்பார், மணம் இருந்தால் துறைமுகத்துக்குச் சொல்லிப் படகைக் கரையில் இழுத்து உடைக்க வைப்பார். இவ்வளவும் ஒரே மூச்சில்.

நாங்கள் அந்தப் படகில் அதுவரை ஒரு தேத்தண்ணிகூட வைத்ததில்லை! அந்த மணம் முழுக்கச் சீமை மணம். சீமை நாய், சீமை விஸ்கி, சீமைச் சுங்கான். துரையின் கையில் இருந்த மட்டும் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் கைக்கு மாறினதும் அது சமையல் மணமாகிவிட்டது. எனக்கு உச்சந்தலை கொதித்தது.

இவர் "யெஸ் சேர்" என்றார். செயலாளர் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்துக்கு யெஸ் சேர்? நாய் எங்கடையோ? நாங்களோ விஸ்கி குடிச்சனாங்கள்?"

"இல்லை, அவையளோடை என்னத்தைக் கதைக்கிறது..."

"உடைக்கட்டும் பாப்பம். பெப்ரவரிக்கு முதல் இதுக்கை ஒரு மணம் இருக்கக்கூடாது. அவர் மூக்கை உள்ளுக்கை விட்டுத் தேடட்டும்."

எங்களுடைய முதல் சண்டை அதுதான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, முழுசாகப் பிடித்த சண்டை. இவர் நல்லவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பிறகு தொடங்கியது வைத்தியம். மெத்தைகளைக் கடாசினோம். பாயைக் கழற்றி வெயிலில் விரித்தோம். முதல் மருந்து சாம்பிராணி. யாழ்ப்பாணத்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போடுகிற மாதிரி, சட்டியில் சிரட்டைக்கரி மூட்டி, கைநிறையச் சாம்பிராணி அள்ளிப் போட்டு, புகை வீணாகக்கூடாதென்று மூடியை இறுக்கிச் சாத்திவிட்டு மேல்தட்டில் உட்கார்ந்திருந்தோம். இடுக்குகளாலெல்லாம் புகை வந்தது. எங்கிருந்தோ துறைமுகப் பொலிஸ் வள்ளம் ஒன்று மணியடித்துக்கொண்டு பாய்ந்து வந்து, விசாரிக்காமலே குழாயால் தண்ணீர் பீச்சியது. என் பள்ளிக்கூடச் சீலை ஊறிப்போய் உடம்போடு ஒட்டியது. சங்கத்துப் படகுகளில் கைதட்டினார்கள். சாம்பிராணிப் புகை ஈரப்பலகையில் படிந்து, அடுத்த வாரம் நாய் மணத்தோடு கோயில் மணமும் சேர்ந்துகொண்டது.

என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர், மாளிகாவத்தைக்காரி, விஷயம் கேள்விப்பட்டு வீட்டிலிருந்து ஒரு குப்பி அத்தர் கொண்டுவந்து தந்தா. "இது போட்டா ஒண்ணும் மணக்காது, பாருங்க" என்று கையடித்துச் சொன்னா. நல்ல மனம், நல்ல அத்தர். தெளித்துவிட்டு மூடியைத் திறந்தால், கல்யாண வீட்டுக்குள் நனைந்த நாய் புகுந்த மாதிரி இருந்தது. தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், வெட்டித் தேய்த்தேன். வேப்பிலை கட்டித் தொங்கவிட்டேன், அது உள்ளேயே அழுகியது. கறுவாப் பட்டை அவித்த தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றும் வந்து, இருந்து, பழைய மணத்தோடு சம்பந்தம் செய்துகொண்டது.

அந்தோனி தன் பக்கத்து வைத்தியத்தைச் சொன்னான். "டீச்சர், சொன்னா கோவிக்காதீங்க. உள்ள யாரோ இருக்காங்க. முந்தி ஒரு வெள்ளக்காரன் இந்தப் பக்கம் தண்ணில விழுந்து போனான். அவன் வந்து ஈரத்தோட படுத்துட்டுப் போறான். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவத்தி வச்சிருங்க." வைத்தேன். எதற்குத்தான் வைக்கவில்லை? அந்தோனி மட்டும் அன்றைக்குப் பிறகு படகில் கால் வைக்கவே மறுத்தான். பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவான், ஏறச் சொன்னால் குருசு போடுவான்.

எல்லா வைத்தியத்துக்கும் மேலே ஒன்றை நாங்கள் தவறவிடாமல் செய்தோம், அது கழுவுதல். வெள்ளிக்கிழமையென்றால் வீடு கழுவவேண்டும். அது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறினது. ஊரிலே அம்மாவும் கழுவினா, வெள்ளவத்தையில் மச்சாளும் கழுவினா, வாளி வாளியாய் அள்ளி ஊற்றி, தும்புத்தடியால் தேய்த்து, வாசல்படியால் வழித்துத் தள்ளினால்தான் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை வந்ததாகக் கணக்கு. படகு என்னுடைய முதல் வீடு. அதை மட்டும் கழுவாமல் விடுவேனா? வெள்ளி பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தோனியைப் பிடித்துப் போவேன். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்து அள்ளுவேன். தண்ணீருக்குப் பஞ்சமா? சுற்றிவர இந்து சமுத்திரம். உள்ளே ஊற்றித் தேய்த்து, வயிற்றில் சேர்வதை இறைத்துக் கொட்டி, கொஞ்சம் மஞ்சள் தண்ணீரும் தெளித்து, சுத்தமென்றால் இதுதான் சுத்தம் என்று மூடியைச் சாத்திவிட்டு வருவேன். கந்தோர் விட்டு வந்தால் இவரும் சேர்ந்து தேய்ப்பார். அடுத்த வெள்ளி போய்த் திறந்தால் நாய் குரைக்காத குறை.

மார்கழி போனது. தை பிறந்தது. மணம் அப்படியே இருந்தது. எத்தனை ஊற்றினாலும் பலகை வழுக்கியது. நான் இன்னும் அதிகமாய்த் தண்ணீர் ஊற்றினேன். பெப்ரவரி கிட்டக் கிட்ட எனக்குள் ஒரு பயமும் வளர்ந்தது. உடைத்துவிடுவார்களோ? மறுபடியும் சீலை மறைப்புக்குள்தானா? படகில் நாங்கள் கதைக்கத் தொடங்கிவிட்டோம், பாருங்கள். நாற்றத்துக்குள் இருந்தே கதைத்தோம். எந்த ஊருக்குப் போகலாம், பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம், மச்சாளிடம் எப்படி நல்ல முறையில் சொல்லித் தனியாகப் போகலாம் என்றெல்லாம் கதைத்தோம். கதைக்கத் தொடங்கின பிறகு நிறுத்தச் சொன்னால் எப்படி நிறுத்துவது?

ஒரு வெள்ளிக்கிழமை கழுவப் போயிருந்தேன். அன்றைக்குப் படகின் வயிற்றை ஒருகை பார்ப்பதென்று தரைப்பலகைகள் எல்லாவற்றையும் கிளப்பி மேல்தட்டில் அடுக்கியிருந்தேன். அறையின் மூடியையும் முன்பக்கத்துச் சின்ன மூடியையும் முழுசாகத் திறந்து வைத்திருந்தேன். இன்னும் ஒரு வாளிகூட ஊற்றவில்லை. அந்தோனியின் வள்ளத்தில் இவர் அவசரமாய் வருவது தெரிந்தது. முகம் சரியில்லை.

"தந்தி வந்திருக்கு. பெரியப்பா மோசம் போயிட்டார். மெயிலுக்குப் போகவேணும், உடனே வாரும்."

போட்டது போட்டபடி வள்ளத்தில் குதித்தேன். யாழ்ப்பாணம் போய், செத்தவீடு முடித்து, வேலைக்காகக் கொழும்புக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் படகுக்குப் போக முடியவில்லை. துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும் வரை நல்லது பொல்லாது, கோயில், கொண்டாட்டம் ஒன்றுமில்லை. நான் வாய் திறக்குமுன்னமே மச்சாள் சொல்லிவிட்டா.

"பிள்ளை, துடக்குக் காத்துக்கொண்டு பாய் விரிச்சு உல்லாசம் போறதோ? சனம் காறித் துப்பும். அந்தியேட்டி முடியட்டும்."

மற்ற நாளென்றால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பெரியப்பா இவரை வளர்த்தவர். இவர் கண் கலங்கியிருக்கும்போது படகைப் பற்றி வாயெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தோனிக்கு மட்டும் சொல்லியனுப்பினேன், ஏறி இரண்டு மூடியையும் சாத்திவிடச் சொல்லி. சரி டீச்சர் என்று பதில் வந்தது.

சீலை மறைப்புக்குள் கிடந்து இவர் ஒருநாள் குசுகுசுத்தார். "ஒருத்தரும் கழுவயில்லை. இப்ப என்ன நாத்தமாய் இருக்குமோ தெரியாது."

"இருக்கட்டும்" என்றேன். "வந்து உடைக்கட்டும். நான் அதுக்குள்ளை இருக்க உடைக்கட்டும்." சீலைக்கு அப்பால் யாரோ செருமினார்கள். "செருமாமல் போங்கோ!" என்று சத்தம் போட்டேன். அந்த வீட்டில் நான் போட்ட முதல் சத்தம். அதற்குப் பிறகு ஒருவரும் செருமவில்லை.

அந்தியேட்டி முடிந்த சனிக்கிழமை, இரண்டு வாளி, இரண்டு தும்புத்தடி, சவர்க்காரக் கட்டி சகிதம் இறங்குதுறைக்குப் போனோம். அடுத்த சனிக்கிழமை செயலாளர் வரும் நாள். அந்தோனி எங்களைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"மூடியைச் சாத்தினனியா?" என்று கேட்டேன்.

"டீச்சர்... கிட்டப் போனேன். உள்ள இருந்து ஒரு சத்தம். சத்தியமா. திரும்பி வந்துட்டேன்."

ஆக, தை மாசத்துக் கடும் வெயிலிலும் வாடைக் காற்றிலும் அந்தப் படகு வயிற்றைத் திறந்தபடியே கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டியது. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் பிடிக்கலாம்? விட்டு இழுத்தேன்.

மணம் இல்லை.

இன்னொருமுறை இழுத்தேன். பலகை மணந்தது. வெறும் பலகை, தச்சுப்பட்டறையில் மணக்கிற மாதிரி. மூலைக்குள் மூக்கை வைத்தால் மட்டும் நாயின் வால்நுனி அளவு பழைய வாடை. இவர் பின்னால் வந்து வாளியைத் தூக்கிக் கடலில் எறியப் போனார். "வையுங்கோ வாளியை!" என்று கத்தினேன்.

சுவரைத் தடவினேன். வழுக்கவில்லை, நறநறத்தது. கையில் வெள்ளையாய்த் தூள் ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு!

அந்த இடத்திலேயே எனக்குச் சிரிப்பு வந்து குந்திவிட்டேன். மழைக்காலத்தில் அடுப்படியில் உப்புச் சட்டி என்ன செய்யும்? காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துக் கசிந்துகொண்டிருக்கும். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த விஷயம். நான் என்ன செய்திருக்கிறேன்? வெள்ளிக்கு வெள்ளி கடல் தண்ணீர் ஊற்றி, பலகைக்கு உப்புப் போட்டு, மூடியையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன். கருவாடு போடுகிறவர்கள்கூட உப்புப் போட்டால் வெயிலில் காயவிடுவார்கள். கணக்கு டீச்சர் நான், இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட ஒரு செத்தவீடு தேவைப்பட்டிருக்கிறது. துரை நாயை விட்டார், ஈரத்தை விட்டது நாங்கள்.

அந்த வாரம் முழுக்கப் பின்னேரங்களில் போனோம். இறங்குதுறைக் குழாயிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோய், கொஞ்சம் வினாகிரி கலந்து, துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து, உப்பையும் மீதிப் பூஞ்சணத்தையும் துடைத்தெடுத்தோம். ஊற்றவில்லை, துடைத்தோம். துடைத்த கையோடு காயவிட்டோம். சிரட்டைக்கரியைத் துணியில் முடிந்து மூலைகளில் வைத்தேன், மிச்சம் மீதி வாடையை அது குடித்தது. வெள்ளிக்கிழமை வந்தது. உங்களுக்குச் சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பின்னேரம் என் கை தினவெடுத்தது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கழுவாத வீட்டில் இருக்கிறேனே என்று நெஞ்சு அடித்தது. வாளியைப் பார்த்தேன். அந்தோனியைக் கூப்பிட்டு, "இதைக் கொண்டு போ, உனக்குத்தான்" என்று கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை செயலாளர் வந்தார். கைக்குட்டை தயாராய் இருந்தது. இவர் வெள்ளைக் காற்சட்டையோடு எழுந்து நின்றார். நான் எழும்பவில்லை. செயலாளர் குனிந்து உள்ளே இறங்கினார், கைக்குட்டையோடு. சற்று நேரத்தில் கைக்குட்டையை எடுத்தார். மூலை மூலையாய் மூக்கை விட்டார். தரைப்பலகையைக் கிளப்பிக் கீழே கைவைத்தார். கை காய்ந்தபடி வந்தது. வெளியே வந்து என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்துக் கேட்டார், உள்ளே என்ன போட்டீர்கள் என்று. இவர் வாய் திறக்குமுன் நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒன்றும் போடவில்லை. போட்டதையெல்லாம் நிறுத்தினோம்."

கழுத்து இன்னும் சிவந்தது. சரி, இருக்கலாம் என்றார். போகிற போக்கில், சமைக்க மட்டும் வேண்டாம், மணம் பக்கத்தாருக்குத் தொந்தரவு என்றார்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்துப் படகில் பன்றி இறைச்சி பொரிக்கிறார்கள்" என்றேன். "எங்களுக்குத் தொந்தரவில்லை. சொல்லிவிடுங்கள்."

இவர் "யெஸ் சேர்" என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்து, "என் மனைவி சொல்வதுதான்" என்றார். இவரை நான் வாழ்நாள் முழுக்க நேசித்ததற்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் அந்த வசனம் ஒன்று.

செயலாளரின் வள்ளம் விலகினதும் அந்தோனியைக் கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு அனுப்பி நல்ல சீலாக் கருவாடு வாங்குவித்தேன். மச்சாள் வீடு சுத்த சைவம், நான் மீன் வாசம் பிடித்து மாதக்கணக்கு. மண்ணெண்ணெய் அடுப்பை மேல்தட்டில் வைத்து, செத்தல் மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரித்தேன். காற்று நேரே சங்கத்துக் கட்டடத்தின் பக்கம் வீசியது. நான் திசை பார்த்துத்தான் அடுப்பு வைத்தேன். யன்னல்கள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படுவதைப் பார்த்துக்கொண்டு, பாண் ரொட்டியோடு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம், அந்தோனி மட்டும் தன் வள்ளத்தில் இருந்தபடி. பிறகு அந்தோனி போனான். நாங்கள் உள்ளே போய் மூடியைச் சாத்தினோம்.

அந்தப் படகு எங்களிடம் பல வருடம் இருந்தது. சுதந்திரம் வந்தது, செயலாளர் கப்பலேறினார், சங்கம் எங்களைத் தானாகவே கூப்பிட்டது, நாங்கள் போகவில்லை. தனி வீடு எடுத்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள். அறைகள் வந்த பிறகும் முக்கியமான கதை ஏதாவது கதைப்பதென்றால் படகுக்குத்தான் போனோம். பெரிய கப்பல்களுக்கு இடம் வேண்டுமென்று சின்னப் படகுகளையெல்லாம் துறைமுகத்திலிருந்து எடுக்கச் சொன்னபோது நீர்கொழும்பில் ஒருவருக்குக் கொடுத்தோம். எனக்குத் தெரிந்தவரை அது அங்கேதான் உளுத்து முடிந்தது. அந்தோனி போனான். மச்சாள் போனா. மச்சாளின் வீடு ஒரு கலவரத்தில் எரிந்தது. இவர் போயும் வருடங்களாகிவிட்டன. எங்களோடு வந்திருங்கோ அம்மா என்று மகன் கேட்கிறான். என்னை இங்கிருந்து கிளப்ப நினைத்தவர்கள் எல்லோருக்கும் சொன்னதைத்தான் அவனுக்கும் சொன்னேன், நகரமாட்டேன் என்று, கொஞ்சம் அன்பாக.

போன வருடம் ஓட்டோ பிடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போனேன். இறங்குதுறை இருந்த இடத்தில் உயரமாய் மதில், கம்பி, ஒரு கேட். அதற்குள்ளால் பார்த்தால் கடலையே காணவில்லை. எங்கள் மிதவை கிடந்த மூலையை நிரப்பித் தரையாக்கி, இரும்புப் பெட்டிகளை வீடு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். லொறிகள் ஓடின. கேட்டில் நின்ற காவல்காரப் பொடியன் மரியாதையாகத்தான் கேட்டான், "கொஹேத யன்னே, அம்மே?"

எங்கே போகிறேனாம். என் அறையைப் பார்க்க வந்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பாவம், கிழவிக்கு மறதி என்று நினைத்திருப்பான். இங்கே அறை ஒன்றும் இல்லையே அம்மா என்றான்.

"இருக்கு மல்லி" என்றேன், தம்பி என்று அவன் பாஷையில் அழைத்து. "மேலே கல்லைக் கொட்டியிருக்கிறீங்கள். அவ்வளவுதான்."

அவன் வெயிலில் நிற்கவேண்டாம் என்று தன் கதிரையை எடுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. பார்க்கவேண்டியதை நின்றபடியே பார்த்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பினேன்.